பணியாளர் உடல்நல இடர் மதிப்பீடு: தோற்றம், வளர்ச்சி, பயன்

பணியாளர் உடல்நல இடர் மதிப்பீடு என்பது, ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கு எதிர்காலத்தில் எந்தெந்த நோய்கள் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் முறையாகும். வயது, புகைப்பழக்கம், உணவு, உடற்பயிற்சி, உறக்கம், மன அழுத்தம் போன்றவற்றைக் கேட்கும் வினாப்பட்டியல் இதன் முதல் பகுதி. இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, உயரம், எடை ஆகிய அளவீடுகள் இரண்டாம் பகுதி. இவற்றிலிருந்து கணக்கிட்ட முடிவைப் பணியாளருக்கு அறிவுரையுடன் தெரிவிப்பது மூன்றாம் பகுதி.

இன்று பல நாடுகளில் பணியிட நலத்திட்டங்கள் இந்த மதிப்பீட்டிலிருந்தே தொடங்குகின்றன. ஆயினும் இதனால் உண்மையில் யாருக்கு, எவ்வளவு பயன் என்ற கேள்வி கடந்த ஐம்பது ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள இம்முறை எங்கிருந்து வந்தது என்பதை அறிய வேண்டும்.

தொழிலைக் கேட்ட மருத்துவர்

பணியாளரின் உடல்நலத்தைப் பற்றி முறையாகக் கேள்வி கேட்டவர்களில் முதன்மையானவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. தொழிலாளர்களின் நோய்களைப் பற்றிய இவரது நூல் 1700-இல் மோதெனா நகரில் வெளிவந்தது. நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுடன், "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அவருடைய பார்வையில் நோயின் காரணம் தொழிலாளி தொடும் பொருளிலும் அவர் அமரும் நிலையிலும் அவர் சுவாசிக்கும் தூசியிலும் இருந்தது.

தொழிற்புரட்சிக் காலத்தில் இந்தக் கேள்வி சட்டத்துக்குள் நுழைந்தது. பிரிட்டனின் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி, வேலைக்கு வரும் குழந்தையின் வயதை உறுதிசெய்ய மருத்துவரின் சான்று தேவைப்பட்டது. 1844-ஆம் ஆண்டுச் சட்டம் 'சான்றளிக்கும் மருத்துவர்' என்ற பதவியை முறைப்படுத்தியது. 1898-இல் தாமஸ் லெக் பிரிட்டனின் முதல் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். ஈயம் போன்ற நச்சுப் பொருள்களால் தொழிலாளர்கள் அடைந்த பாதிப்பு அவருடைய முக்கியப் பணியாக இருந்தது. இக்காலம் முழுவதும் மருத்துவப் பரிசோதனையின் கேள்வி ஒன்றே: வேலை தொழிலாளியை என்ன செய்கிறது?

காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேறொரு கேள்வி எழுந்தது. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், எந்த வயதினர், எந்த எடையினர், எந்தப் பழக்கமுடையவர் எவ்வளவு காலம் வாழ்கிறார் என்பதற்கான பட்டியல்களைத் தொகுத்து வைத்திருந்தன. காப்பீடு செய்தவர் நீண்ட நாள் வாழ்ந்தால் நிறுவனத்துக்கு இலாபம். 1913-இல் நியூயார்க்கில் ஆயுள் நீட்டிப்பு நிறுவனம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் இதன் முன்னோடிகளில் ஒருவர். முன்னாள் குடியரசுத் தலைவர் வில்லியம் டாஃப்ட் இதன் தலைவராக இருந்தார். நோயில்லாதவர்களும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் சென்று உடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தை இவ்வமைப்பு பரப்பியது. காப்பீடு செய்தவர்களும் நிறுவனங்களின் ஊழியர்களும் இதன் வாடிக்கையாளர்கள் ஆயினர்.

இங்கே பார்வை தொழிற்சாலையிலிருந்து தனிமனிதரின் பழக்கவழக்கத்துக்கு நகர்ந்தது. பிற்கால மதிப்பீட்டு முறைகள் இந்தப் பாதையிலேயே சென்றன.

ஃப்ராமிங்காம் ஆய்வு

1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூளை இரத்தக்கசிவால் இறந்தார். பல ஆண்டுகளாக உயர்ந்துகொண்டே இருந்த அவரது இரத்த அழுத்தம், இறந்த அன்று 300/190 என்ற அளவில் இருந்தது. உயர் இரத்த அழுத்தத்தை வயதானால் வரும் இயல்பான மாற்றம் என்று பல மருத்துவர்கள் கருதிய காலம் அது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1948-இல், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்காம் நகரில் இதயநோய் ஆய்வு ஒன்று தொடங்கியது. 30 முதல் 62 வயது வரையிலான 5,209 ஆண்களும் பெண்களும் இதில் சேர்க்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களைப் பரிசோதித்து, யாருக்கு இதயநோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பதிவு செய்தனர். 1961-இல் வில்லியம் கேனல், தாமஸ் டாபர் ஆகியோரின் குழு வெளியிட்ட கட்டுரை, உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு முதலியவற்றை இதயநோயின் 'இடர்க்காரணிகள்' எனக் காட்டியது. அந்தச் சொல் மருத்துவத்தில் நிலைபெற்றது அதன் பின்னரே. ஒருவருக்கு அடுத்த 10 ஆண்டுகளில் இதயநோய் வரும் வாய்ப்பைப் புள்ளிகளாகக் கூட்டிச் சொல்லும் எளிய அட்டவணையை 1998-இல் இவ்வாய்வுக் குழு வெளியிட்டது.

ராபின்சின் வருமுன் காக்கும் மருத்துவம்

ஃப்ராமிங்காமில் கிடைத்த அறிவை ஒரு வினாப்பட்டியலாக மாற்றும் எண்ணம் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணியில் இருந்த மருத்துவர் லூயிஸ் ராபின்சிடம் உருவானது. 1940-களின் இறுதியில், நோயாளியின் குறிப்பேட்டில் இப்போதுள்ள நோய்களுடன் இனி வரக்கூடிய ஆபத்துகளையும் எழுதி வைக்கும் வழக்கத்தை அவர் தொடங்கினார். பின்னர் இண்டியானாபொலிஸ் நகரின் மெதடிஸ்ட் மருத்துவமனையில் ஜாக் ஹாலுடன் இணைந்து பணியாற்றினார். இருவரும் சேர்ந்து எழுதிய கையேடு 1970-இல் வெளிவந்தது. வயது, பால், இனம் ஆகியவற்றுக்கு ஏற்ப இறப்புக்கான காரணங்களை வரிசைப்படுத்திய அட்டவணைகளைப் புள்ளியியலாளர் ஹார்வி கெல்லர் தயாரித்துக் கொடுத்தார்.

இம்முறையில் பிறந்ததே 'இடர் வயது' என்ற கருத்து. 40 வயதுள்ள ஒருவர் புகைப்பவராகவும் இரத்த அழுத்தம் உள்ளவராகவும் இருந்தால், அவருடைய இடர் வயது 46 என்று முடிவு சொல்லக்கூடும். புகையை விட்டால் அது எத்தனை ஆண்டு குறையும் என்பதும் அருகிலேயே இருக்கும். நோயாளியின் மனத்தை மாற்ற மருத்துவருக்கு உதவும் கருவியாகவே ராபின்ஸ் இதைக் கருதினார். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் நேரில் பேசுவார் என்பது இதன் அடிப்படை.

1980-இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் பொதுப் பயன்பாட்டுக்கான ஒரு வடிவத்தை வெளியிட்டது. 1980-களின் பிற்பகுதியில் கார்ட்டர் மையம் அதைப் புதுப்பித்தது. கணினி பரவியதும் படிவத்தை நிரப்பினால் இயந்திரமே முடிவைத் தரும் நிலை வந்தது. செலவு குறைந்தது. ஆனால் நேரில் பேசும் மருத்துவர் பல இடங்களில் இந்த ஏற்பாட்டிலிருந்து விடுபட்டுப் போனார்.

பணியிடத்துக்குள் நுழைந்த காரணம்

அமெரிக்க நிறுவனங்கள் இம்முறையை ஏற்றுக்கொண்டதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், ஆட்களைக் கவர நிறுவனங்கள் மருத்துவக் காப்பீட்டை வழங்கத் தொடங்கின. வரிச்சலுகையும் கிடைத்ததால் அவ்வழக்கம் நிலைத்தது. 1974-ஆம் ஆண்டின் பணியாளர் ஓய்வூதியச் சட்டத்துக்குப் பின் பெரிய நிறுவனங்கள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாமே நேரடியாக ஏற்றன. ஊழியருக்கு மாரடைப்பு வந்தால் அதன் செலவு நிறுவனத்தின் கணக்கில் ஏறியது. ஆகவே யாருக்கு மாரடைப்பு வரக்கூடும் என்று அறிவதில் நிறுவனத்துக்கு நேரடி அக்கறை பிறந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1970-களின் இறுதியில் தொடங்கிய நலத்திட்டம் பிற நிறுவனங்களுக்கு முன்மாதிரி ஆனது.

கண்டறிந்த பின் என்ன?

இதே காலத்தில் நடந்த இரண்டு ஆய்வுகள், மதிப்பீட்டின் வலிமையையும் எல்லையையும் தெளிவாகக் காட்டின.

முதலாவது கனடாவின் ஹாமில்டன் நகர எஃகு ஆலைத் தொழிலாளர்களிடையே நடந்தது. பிரையன் ஹேன்ஸ், டேவிட் சாக்கெட் முதலியோர் 1978-இல் இதன் முடிவை வெளியிட்டனர். பரிசோதனையில் தமக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகப் புதிதாக அறிந்துகொண்ட தொழிலாளர்கள், அதன் பின் உடல்நலக் குறைவு என்று விடுப்பு எடுப்பது 80% அதிகரித்தது. மற்ற ஊழியர்களிடம் இது 9% மட்டுமே உயர்ந்தது. உடல் மாறவில்லை, 'நான் நோயாளி' என்ற எண்ணம் மட்டும் புதிதாகச் சேர்ந்தது. ஒருவரிடம் இடரைச் சொல்வதே ஒரு மருத்துவச் செயல் என்பதையும், அதற்கும் பக்கவிளைவு உண்டு என்பதையும் இவ்வாய்வு உணர்த்தியது.

இரண்டாவது நியூயார்க்கில் கிம்பெல்ஸ் பல்பொருள் அங்காடி ஊழியர்களிடையே நடந்தது. மைக்கேல் ஆல்டர்மன், கடை ஊழியர் சங்கத்துடன் இணைந்து, இரத்த அழுத்தத்தைக் கண்டறிந்ததோடு நிற்காமல் பணியிடத்திலேயே சிகிச்சையும் தொடர் கண்காணிப்பும் அளிக்க ஏற்பாடு செய்தார். 1975-இல் வெளியான முடிவுகளின்படி, சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையில் நீடித்தனர். அவர்களுடைய இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்தது. வேலை நேரத்திலேயே, சங்கத்தின் நம்பிக்கையுடன், அருகிலேயே சிகிச்சை கிடைத்ததுதான் வேறுபாடு.

வினாப்பட்டியல் கேட்காதது

பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இன்னொரு குறையைச் சுட்டியது. இலண்டனில் பணிபுரிந்த 40 முதல் 64 வயதான 17,530 ஆண் அரசு ஊழியர்களை மைக்கேல் மார்மட்டும் உடன் ஆய்வாளர்களும் தொடர்ந்து கவனித்தனர். இவர்கள் அனைவருமே அலுவலகப் பணியாளர்கள். வறுமையில் இருந்தவர்கள் அல்லர். 1978-இல் வெளியான முடிவின்படி, கடைநிலை ஊழியர்களிடையே இதயநோய் இறப்பு, உயர் அதிகாரிகளைவிட 3.6 மடங்காக இருந்தது. கடைநிலை ஊழியர்கள் அதிகம் புகைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் பெரும் இடைவெளி எஞ்சி நின்றது.

1985-இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு 10,308 ஆண், பெண் ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டது. தம் வேலையின் மீது தமக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்பதும் இதயநோயுடன் தொடர்புடையது என்று அது காட்டியது. வழக்கமான வினாப்பட்டியல் ஊழியரின் சிகரெட்டைக் கேட்கிறது. அவருடைய வேலை நேரத்தையும் மேலாளரையும் கேட்பதில்லை. ராமசினி தொடங்கிய கேள்வி இடையில் கைவிடப்பட்டிருந்தது.

சேமிப்புக் கணக்கும் சோதனைகளும்

2010-இல் கேத்தரின் பேக்கர், டேவிட் கட்லர், சிருய் சாங் ஆகிய மூவர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினர். நலத்திட்டத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் 3.27 டாலர் மிச்சமாகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதே ஆண்டில் இயற்றப்பட்ட அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், நலத்திட்டங்களில் வழங்கும் ஊக்கத்தொகையின் வரம்பைக் காப்பீட்டுச் செலவில் 30% வரை உயர்த்த வழிசெய்தது.

ஆனால் தொகுக்கப்பட்ட பல ஆய்வுகளில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருந்தது. தாமாக முன்வந்து படிவத்தை நிரப்புபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள். அவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டால், திட்டம் பயன் தந்ததுபோலத் தோன்றும். இதைத் தவிர்க்க, யார் திட்டத்தில் சேர்வது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் சோதனைகள் தேவைப்பட்டன.

2016-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 4,834 ஊழியர்களைக் கொண்டு அத்தகைய சோதனை நடந்தது. 3,300 பேருக்கு மதிப்பீடும் நலத்திட்டமும் வழங்கப்பட்டன. 1,534 பேர் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தனர். மருத்துவச் செலவிலோ, பழக்கங்களிலோ, பணித்திறனிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பது 2019-இல் வெளியான முடிவு. சேர்ந்தவர்கள், திட்டம் தொடங்கும் முன்பே சேராதவர்களைவிடக் குறைந்த மருத்துவச் செலவு உடையவர்களாக இருந்ததும் தெரியவந்தது.

அதே ஆண்டில் பிஜேஸ் என்ற மொத்த விற்பனைக் கடை நிறுவனத்தின் 160 கிளைகளில் நடந்த சோதனையும் வெளியானது. 32,974 ஊழியர்கள் தொடர்பான இச்சோதனையில், திட்டம் நடந்த கிளைகளில் தாம் முறையாக உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் 8.3 விழுக்காட்டுப் புள்ளிகள் அதிகம். ஆனால் 18 மாதங்களுக்குப் பின்னும் இரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, விடுப்பு, செலவு எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதை நடத்தியவர்கள் 2010 கட்டுரையை எழுதிய மூவரில் இருவரான சாங்கும் பேக்கரும். தம் முந்தைய முடிவையே மேலும் கடுமையான முறையில் சோதித்து, மாறான விடையை வெளியிட்டது இத்துறை வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

மதிப்பீட்டின் பயனை மட்டும் தனியே ஆராய்ந்தது அமெரிக்காவின் சமூகத் தடுப்புப் பணிக்குழு. மதிப்பீடு செய்து முடிவைத் தெரிவிப்பதோடு நின்றால் பயனுண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும், அதனுடன் உடல்நலக் கல்வியும் பிற உதவிகளும் சேர்ந்தால் பரிந்துரைக்கத் தக்கது என்றும் அது கூறியது. பெப்சிகோ நிறுவனத் திட்டத்தைப் பற்றி 2014-இல் வெளியான ஆய்வும் இதை ஒத்தது. ஏற்கெனவே நோயுள்ளவர்களைக் கவனிக்கும் பகுதியில் ஒரு டாலருக்கு 3.80 டாலர் திரும்பியது. பழக்கவழக்கத்தை மாற்றும் பகுதியில் 0.50 டாலரே திரும்பியது.

அந்தரங்கம் பற்றிய போராட்டங்கள்

வேலை தருபவரிடமே உடலின் குறைகளைச் சொல்ல வேண்டியிருப்பது இம்முறையின் தீராத சிக்கல். 2008-இல் இயற்றப்பட்ட அமெரிக்க மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், ஊழியரின் குடும்ப நோய் வரலாற்றை நிறுவனம் பெறுவதைத் தடுத்தது. நோயைக் கணிக்கப் பெரிதும் உதவும் கேள்விகளில் ஒன்று அது. கணிப்பின் துல்லியத்தைவிட வேலையின் பாதுகாப்பு பெரிது என்று சட்டம் முடிவு செய்தது.

2013-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், வினாப்பட்டியலை நிரப்பாத ஊழியரிடம் மாதம் 100 டாலர் கூடுதலாகப் பிடிக்கப்படும் என்று அறிவித்தது. குடும்ப உறவு, கருத்தரிக்கும் எண்ணம் போன்றவையும் கேட்கப்பட்டதால் ஆசிரியர்கள் எதிர்த்தனர். சில வாரங்களில் அபராதம் கைவிடப்பட்டது. 2018-இல் மேற்கு வர்ஜீனியா ஆசிரியர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஊதியமும் காப்பீட்டுச் செலவும் முதன்மைக் காரணங்கள் என்றாலும், உடல்நலச் செயலியில் சேராதவருக்கு மாதம் 25 டாலர் என்ற திட்டமும் கோபத்தைக் கூட்டியது.

ஜப்பான் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் உடல் பரிசோதனை கட்டாயம். 2015 டிசம்பரில் 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் மன அழுத்தச் சோதனையும் கட்டாயமாக்கப்பட்டது. இதன் முடிவு நேரடியாக ஊழியருக்கே செல்லும். அவர் ஒப்புதல் இன்றி நிறுவனத்துக்குத் தரக்கூடாது. வினாப்பட்டியலில் வேலைச்சுமையும் மேலாளரின் ஆதரவும் கேட்கப்படுகின்றன.

இந்தியாவும் சென்னை ஆய்வுகளும்

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பிரிட்டனின் சான்றளிக்கும் மருத்துவர் முறையைத் தொடர்ந்தது. 1984-இல் நிகழ்ந்த போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின், 1987-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் ஈடுபடுவோரின் மருத்துவப் பதிவேட்டை நிறுவனம் பராமரிக்க வேண்டும் என்பதோடு, அது தொழிலாளியின் பார்வைக்குக் கிடைக்க வேண்டும் என்றும் திருத்தம் கூறியது. 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய சட்டத்தொகுப்பு, குறிப்பிட்ட வயது அல்லது பிரிவைச் சேர்ந்த ஊழியர்களுக்கு இலவச ஆண்டுப் பரிசோதனையை நிறுவனத்தின் கடமை ஆக்கியது.

மேலைநாட்டு அட்டவணைகள் இந்திய உடல்வாகுக்கு அப்படியே பொருந்துவதில்லை. குறைந்த எடையிலேயே இங்கு நீரிழிவு வருகிறது. இதைக் கருத்தில் கொண்டு, சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையின் வி. மோகன் குழுவினர் 2005-இல் இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் முறையை வெளியிட்டனர். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகிய நான்கு மட்டுமே இதற்குப் போதும். 100-க்கு 60 அல்லது அதற்கு மேல் பெற்றவர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அளவு நாடாவும் நான்கு கேள்விகளும் இருந்தால் எந்தப் பட்டறையிலும் செய்யலாம் என்பதே இதன் சிறப்பு.

மதிப்பீட்டுக்குப் பின் செய்ய வேண்டியது என்ன என்பதற்கும் சென்னையிலேயே விடை கிடைத்தது. அ. ராமச்சந்திரன் தலைமையிலான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம், பணியாளர்களையும் அவர்களின் குடும்பத்தினரையும் பரிசோதித்து, நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சேர்த்தது. மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55% பேருக்கு நீரிழிவு வந்தது. உணவு, நடைப்பயிற்சி பற்றித் தொடர்ந்து வழிகாட்டப்பட்ட குழுவில் 39.3% பேருக்கே வந்தது. இம்முடிவு 2006-இல் வெளியானது. 2013-இல் அதே குழு 537 பணியாளர்களிடம் குறுஞ்செய்தி வழியாக நினைவூட்டி நடத்திய ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் 27%-க்கு எதிராக 18% பேருக்கே நீரிழிவு வந்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பின்னர் தொழிற்சாலைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. வேலை நேரம் காரணமாக மருத்துவமனைக்குச் செல்ல இயலாதவர்களைப் பணியிடத்திலேயே பரிசோதிப்பது இதன் நோக்கம்.

மதிப்பிடுதல்

இந்த வரலாற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். உடல்நல இடர் மதிப்பீடு நோயைக் குணப்படுத்துவதில்லை. தனியாக நின்றால் பழக்கத்தையும் பெரிதாக மாற்றுவதில்லை. அறிகுறியில்லாத உயர் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவின் தொடக்க நிலையையும் கண்டறிவதில் அது வல்லது. கண்டறிந்தவரைக் கைவிடாமல் சிகிச்சையும் வழிகாட்டலும் கொடுத்த இடங்களில் பயன் தெரிந்தது. நியூயார்க் அங்காடியும் சென்னை ஆய்வுகளும் அதற்குச் சான்று. படிவத்தை நிரப்பியதோடு முடிந்த இடங்களில் பயன் தெரியவில்லை. சில இடங்களில் அச்சமும் அவநம்பிக்கையுமே மிஞ்சின.

ஆகவே ஒரு மதிப்பீட்டுத் திட்டத்தை எடைபோட விரும்புபவர் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். முடிவு யார் கைக்குப் போகிறது? இடர் உள்ளவருக்கு அடுத்த வாரமே மருத்துவர் கிடைப்பாரா? மறுப்பவருக்குத் தண்டனை உண்டா? ஊழியரின் பழக்கத்தோடு அவருடைய வேலையைப் பற்றியும் அது கேட்கிறதா? கடைசிக் கேள்வியை ராமசினி 1700-இலேயே எழுப்பிவிட்டார்.